காப்போரிடமிருந்து காப்பு: நாடாளுமன்றக் குழுக்களின் வழியில் தேங்கிய உரிமைச் சட்டங்கள்

குடிமக்களின் உரிமையைக் காப்பதும் பொதுமக்களைக் குற்றத்திலிருந்து காப்பதும் ஒன்றையொன்று குறைக்கும் இரு கடமைகள் என்ற எண்ணம், இந்தியாவில் புதிய குற்றவியல் சட்டம் விவாதத்துக்கு வரும்போதெல்லாம் எடுத்துவைக்கப்படுகிறது. உரிமையை வலியுறுத்துவோர் குற்றவாளிக்குத் துணைபோகிறார்கள் என்று ஒரு தரப்பும், காவல் அதிகாரத்தை விரிவாக்குவோர் குடிமக்களை மறந்துவிடுகிறார்கள் என்று மறு தரப்பும் வாதிடுகின்றன. கடந்த முப்பது ஆண்டுகளில் நாடாளுமன்றக் குழுக்கள் ஆராய்ந்த மசோதாக்களையும் அவற்றுக்குப் பின்னர் நேர்ந்த கதியையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், இந்தப் பகுப்பு உண்மை நிலவரத்தோடு பொருந்தவில்லை என்பது தெரியவரும். அலுவலருக்கு அதிகாரம் தரும் சட்டங்கள் விரைவாக நிறைவேறுகின்றன. அதே அலுவலரைப் பதில் சொல்ல வைக்கும் சட்டங்களோ குழுவின் அறிக்கையோடு நின்றுவிடுகின்றன, அல்லது நிறைவேறிய பின்னும் நடைமுறைக்கு வராமல் கிடக்கின்றன. இப்படித் தேங்கியவற்றுள் முதன்மையானவை எவை, அவை ஏன் தேங்கின, எதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

குழு முறையும் அதன் வரம்பும்

நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு அமைச்சகத்தின் செயல்பாட்டையும் தொடர்ந்து ஆராயும் அமைப்பு துறைசார் நிலைக்குழு எனப்படுகிறது. 1993-ல் 17 குழுக்களோடு தொடங்கிய இம்முறை 2004-ல் 24 குழுக்களாக விரிந்தது. மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேருமாக ஒவ்வொரு குழுவிலும் 31 உறுப்பினர்கள் இடம்பெறுகின்றனர். உரிமை, பாதுகாப்பு ஆகியவை தொடர்பான மசோதாக்களில் பெரும்பாலானவை உள்துறைக் குழுவுக்கோ, பணியாளர், பொதுமக்கள் குறைதீர்ப்பு, சட்டம் மற்றும் நீதித் துறைக் குழுவுக்கோ செல்கின்றன. இவையன்றி, ஒரு குறிப்பிட்ட மசோதாவை மட்டும் ஆராய ஓர் அவை அமைக்கும் தெரிவுக் குழுவும், இரு அவைகளும் சேர்ந்து அமைக்கும் கூட்டுக் குழுவும் உண்டு.

இக்குழுக்களின் கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதாலும், கட்சிக் கொறடாவின் ஆணை அங்கே செல்லாது என்பதாலும், மசோதாவின் ஒவ்வொரு பிரிவையும் பொறுமையாக ஆராயவும் அதிகாரிகளையும் வல்லுநர்களையும் பாதிக்கப்பட்டோரையும் அழைத்துக் கேட்கவும் உறுப்பினர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. எனினும் குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. மானியக் கோரிக்கைகள் மீதான அறிக்கைகளுக்கு எடுத்த நடவடிக்கையை அமைச்சகம் எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருப்பதைப்போல, ஒரு மசோதா மீதான பரிந்துரையை ஏன் ஏற்கவில்லை என்று விளக்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை. மசோதாவைக் குழுவுக்கு அனுப்புவதும் விருப்பத்தைப் பொறுத்ததே. 15-வது மக்களவைக் காலத்தில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. 17-வது மக்களவைக் காலத்தில் அந்த அளவு 16 விழுக்காடாகச் சுருங்கியது.

இவற்றோடு அரசியலமைப்பின் 107(5) உறுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மக்களவை கலைக்கப்படும்போது அங்கே நிலுவையில் இருக்கும் மசோதாக்களும், மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் காத்திருக்கும் மசோதாக்களும் காலாவதியாகிவிடும் என்பது அவ்வுறுப்பின் விதி. ஆகவே ஓர் அரசு விரும்பாத மசோதாவை எதிர்த்து வாக்களித்துத் தோற்கடிக்க வேண்டிய தேவை இல்லை. விவாதப் பட்டியலில் சேர்க்காமல் காலத்தைக் கடத்தினாலே போதும். சித்திரவதைத் தடுப்பு மசோதாவுக்கு நேர்ந்தது இதுதான்.

சித்திரவதைத் தடுப்பு மசோதா

காவல் நிலையச் சித்திரவதையைப் பற்றிய சட்டமன்றக் கவலை இந்தியாவில் புதிதன்று. அதன் தொடக்கமே சென்னை மாகாணத்தோடு பிணைந்தது. நிலவரி வசூலுக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் குடியானவர்கள் துன்புறுத்தப்படுவது குறித்துச் சென்னையிலிருந்து மனுக்கள் போயின; 1854-ல் லண்டன் நாடாளுமன்றத்தின் மக்களவையில் விவாதம் நடந்தது; அதன் பயனாக அமைந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணையம் 1855-ல் அறிக்கை அளித்தது. வரி வசூலிக்கும் கையும் குற்றம் விசாரிக்கும் கையும் ஒன்றாக இருந்ததே கொடுமையின் வேர் என்று அது கண்டதைத் தொடர்ந்து, வருவாய்த் துறையிலிருந்து காவல் பணி பிரிக்கப்பட்டு 1859-ன் சென்னை மாவட்டக் காவல் சட்டம் பிறந்தது. காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சான்றாகக் கொள்ளலாகாது என்ற விதி 1861-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872-ன் சாட்சியச் சட்டம் வழியாக இன்றைய சட்டம் வரை தொடர்கிறது. ஆட்சியாளர் அந்நியராக இருந்த காலத்திலேயே அடித்து வாங்கும் வாக்குமூலம் நம்பத்தகாதது என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. அடித்தலையே தனிக் குற்றமாக வரையறுக்கும் சட்டம் மட்டும் இன்னும் இயற்றப்படவில்லை.

ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1984-ல் ஏற்ற சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டது. கையெழுத்து என்பது கொள்கையளவிலான இசைவு. உடன்படிக்கை ஒரு நாட்டைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அந்நாடு அதை ஏற்புறுதி செய்ய வேண்டும். 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அவ்வாறு செய்துவிட்ட நிலையில் இந்தியா இன்னும் செய்யவில்லை. ஏற்புறுதிக்கு வழி அமைப்பதற்காகவே 2010-ல் சித்திரவதைத் தடுப்பு மசோதா கொண்டுவரப்பட்டு, அவ்வாண்டு மே 6 அன்று மக்களவையில் நிறைவேறியது. ஆனால் அது மிகவும் மெலிந்த மசோதா. கடுங்காயமோ, உயிருக்கும் உறுப்புக்கும் உடல், மன நலத்துக்கும் ஆபத்தோ ஏற்பட்டால்தான் சித்திரவதை ஆகும் என்று அது வரையறுத்தது. உடன்படிக்கையோ உடலுக்கும் மனத்துக்கும் வேண்டுமென்றே விளைவிக்கப்படும் கடும் வேதனை அனைத்தையும் உள்ளடக்குகிறது. சம்பவம் நடந்த ஆறு மாதங்களுக்குள் புகார் அளித்தாக வேண்டும் என்றும், வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்றும் மசோதா விதித்தது. சிறையிலோ மருத்துவமனையிலோ கிடப்பவர் ஆறு மாதத்துக்குள் புகார் அளிப்பதும், தன் அலுவலர்மீது வழக்குத் தொடர அரசே அனுமதி தருவதும் நடைமுறையில் எவ்வளவு அரிது என்பதை நீதிமன்ற அனுபவம் உள்ளோர் அறிவர்.

மாநிலங்களவை இம்மசோதாவை அப்படியே ஏற்காமல், 2010 ஆகஸ்டு 31 அன்று அஸ்வனி குமார் தலைமையிலான தெரிவுக் குழுவுக்கு அனுப்பியது. டிசம்பரில் அறிக்கை அளித்த அக்குழு மசோதாவை ஏறத்தாழ மறுபடியும் எழுதியது என்றே சொல்லலாம். சித்திரவதையின் வரையறை விரிந்தது. புகாருக்கான கால எல்லை இரண்டு ஆண்டுகளானது. முன் அனுமதி கோரி மூன்று மாதங்களுக்குள் முடிவு வராவிட்டால் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்ற பிரிவும் பரிந்துரைக்கப்பட்டது. குழு முறை எதற்காக ஏற்படுத்தப்பட்டதோ அந்தப் பயனை முழுமையாகத் தந்த அரிய அறிக்கைகளுள் இதுவும் ஒன்று. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் அந்த அறிக்கையின் அடிப்படையில் மசோதா நிறைவேற்றப்படவில்லை. 2014 மே மாதம் 15-வது மக்களவை கலைந்தபோது அது காலாவதியானது.

பின்னர் அஸ்வனி குமாரே உச்ச நீதிமன்றத்தை அணுகினார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2017 அக்டோபரில் சட்ட ஆணையம் தன் 273-வது அறிக்கையில் புதிய வரைவு மசோதா ஒன்றை அளித்து, உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யுமாறும் பரிந்துரைத்தது. காவலில் இருந்தவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால் அதைக் காவலரே ஏற்படுத்தினர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்ற விதியை அவ்வாணையம் 1985-ன் 113-வது அறிக்கையிலேயே கேட்டிருந்தது. அதையும் 2017-ல் வலியுறுத்தியது. ஆயினும் இன்ன சட்டத்தை இயற்று என்று நாடாளுமன்றத்துக்கு நீதிமன்றம் ஆணையிட இயலாது எனக் கூறி 2019 செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. அதிகாரப் பகிர்வு நோக்கில் அத்தீர்ப்பு சரியானதே. அதனாலேயே முழுப் பொறுப்பும் நாடாளுமன்றத்தின் தோளில் வந்து நிற்கிறது.

சட்டம் வேண்டாம் என்போர் மூன்று காரணங்களைச் சொல்வதுண்டு. இருக்கும் சட்டங்களே போதும் என்பது முதலாவது. வாக்குமூலம் பெறுவதற்காகக் காயப்படுத்துவதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330, 331 பிரிவுகள் குற்றமாக்கின என்பதும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-வது பிரிவு அதைத் தொடர்கிறது என்பதும் உண்மையே. ஆனால் பழிவாங்கவோ அச்சுறுத்தவோ சாதி, மத வெறுப்பாலோ இழைக்கப்படும் கொடுமையும், உடலில் தழும்பு விடாத மனக் கொடுமையும் அப்பிரிவுக்குள் அடங்குவதில்லை. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்பது இரண்டாவது காரணம். குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருப்பதாலும், பன்னாட்டு உடன்படிக்கையை நிறைவேற்ற எப்பொருள் குறித்தும் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 253-வது உறுப்பு நாடாளுமன்றத்துக்குத் தருவதாலும் அது நிற்காது. காவலரின் ஊக்கம் குன்றும், பொதுமக்களின் பாதுகாப்பு தளரும் என்பது மூன்றாவது காரணம். இதுவே பரவலாக நம்பப்படுவது என்பதால் சற்று விரிவாக நோக்க வேண்டியது.

அடியின் வலியில் நிரபராதி ஒப்புக்கொள்ளும்போது உண்மைக் குற்றவாளி வெளியே இருக்கிறார். அதனால் இழப்பு பொதுமக்களுக்கே. மேலும், வெளிநாட்டுக்குத் தப்பியவர்களைத் திரும்பப் பெறும் முயற்சியிலும் இச்சட்டமின்மை இந்தியாவுக்கு எதிராக நிற்கிறது. 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்கள் கொட்டப்பட்ட வழக்கில் தேடப்படும் கிம் டேவியை ஒப்படைக்க டென்மார்க் நீதிமன்றம் 2011-ல் மறுத்ததற்கும், ஆயுதத் தரகர் சஞ்சய் பண்டாரியை ஒப்படைக்க 2025 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் மறுத்ததற்கும், இந்தியாவில் அவர்கள் துன்புறுத்தப்படக்கூடும் என்ற அச்சம் காரணமாகக் காட்டப்பட்டது. சித்திரவதையைத் தடுக்கும் சட்டம் இல்லாததால் பொதுமக்களின் பாதுகாப்புக்கு நேரும் சேதத்தை இவ்விரு வழக்குகளும் வெளிப்படையாகவே காட்டுகின்றன.

இந்தக் கேள்வியில் தமிழ்நாட்டுக்குத் தனிப்பட்ட வலி உண்டு. 2020 ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்துவைத்திருந்ததாகக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தனர். உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு தானாக முன்வந்து தலையிட்ட பிறகே விசாரணை உறுதிபெற்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர் நகைத் திருட்டுப் புகாருக்கான விசாரணையில் உயிரிழந்தார். கைதின்போது பின்பற்ற வேண்டிய நெறிகளை டி.கே. பாசு வழக்கில் 1996-லும், காவல் நிலையங்களில் ஒலிப்பதிவோடு கூடிய கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்த வேண்டும் என்பதை 2020 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தும் மடப்புரம் நிகழ்ந்தது. நீதிமன்ற நெறிமுறை தவறு நடந்த பின்னர் அளவுகோலாகிறது. தவறு செய்யும் முன்பே அலுவலரைத் தடுத்து நிறுத்துவது உறுதியான தண்டனைச் சட்டமே.

அண்டை நாடுகளின் நிலையும் குறிப்பிடத்தக்கது. இலங்கை 1994-ன் 22-ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாகவும், வங்கதேசம் 2013-லும், பாகிஸ்தான் 2022-லும் சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கிவிட்டன. இலங்கையில் சட்டம் வந்த பின்னும் காவல் கொடுமைகள் ஓயவில்லை என்பது சட்டம் மட்டும் போதாது என்பதைக் காட்டுமே தவிர, சட்டமே வேண்டாம் என்பதற்குச் சான்றாகாது.

கண்காணிப்பு அமைப்புகள்

தண்டனைச் சட்டத்துக்கு அடுத்து, காவல்துறையை வெளியிலிருந்து கண்காணிக்கும் அமைப்புகளின் பலவீனம் நிலுவையில் இருக்கும் கேள்வி. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஏழு கட்டளைகளுள், மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் காவல் புகார் ஆணையம் அமைப்பதும், சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து குற்றப் புலனாய்வைப் பிரிப்பதும் அடங்கும். தமிழ்நாடு 2013-ல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ உள்துறைச் செயலரையே அவ்வாணையத்தின் தலைவராக்கி, காவல் தலைமை இயக்குநரை உறுப்பினராக்கியது. புகாருக்கு ஆளாகும் துறையின் தலைமையே புகாரை விசாரிக்கும் அமைப்பில் மக்களுக்கு நம்பிக்கை பிறப்பது கடினம்.

1993-ன் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தேசிய, மாநில ஆணையங்களை உருவாக்கியது. ஆனால் ஓராண்டுக்கு மேற்பட்ட சம்பவங்களை விசாரிக்க அச்சட்டம் தடை விதிக்கிறது, ஆயுதப்படைகள்மீதான புகாரில் மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரைப்பதோடு ஆணையத்தை நிறுத்திவிடுகிறது, ஆணையத்தின் முடிவுகளையும் பரிந்துரை என்றே குறிப்பிடுகிறது. மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அளித்த தீர்ப்பு இவ்வகையில் ஒரு முக்கியத் திருப்பம். அத்தீர்ப்பின் கருத்தைச் சட்டத்தின் சொல்லாகவே மாற்றும் திருத்தத்தை உள்துறைக் குழு முன்மொழிய வேண்டும்.

சாட்சியும் ஊழலை வெளிப்படுத்துபவரும்

உரிமையும் பாதுகாப்பும் ஒரே இடத்தில் சந்திக்கும் மற்றொரு துறை, உண்மையைச் சொல்ல முன்வருவோருக்கான காப்பு. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் முறைகேடுகளை வெளிப்படுத்திய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-ல் கொல்லப்பட்ட பிறகு, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் மறைவாகப் புகார் அளிக்க 2004-ல் அரசுத் தீர்மானம் வழி செய்தது. இதற்கான மசோதா 2010-ல் அறிமுகமாகி, ஜெயந்தி நடராஜன் தலைமையிலான நிலைக்குழுவின் ஆய்வுக்குப் பின் இரு அவைகளிலும் நிறைவேறி, 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. ஆனால் அச்சட்டம் எந்நாளிலிருந்து செல்லும் என்ற அறிவிக்கை வெளியாகவில்லை. அதன் வரம்பைக் குறுக்குவதற்காக 2015-ல் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதாவும் மாநிலங்களவையில் நின்று 2019-ல் காலாவதியானது. குழு ஆராய்ந்து, இரு அவைகளும் ஏற்று, ஒப்புதலும் பெற்ற ஒரு சட்டம் ஓர் அறிவிக்கைக்காகக் காத்துக் கிடப்பது நாடாளுமன்றத்தின் மாண்பையே குறைப்பதாகும்.

சாட்சிகளைப் பொறுத்தவரை நிலைமை சற்று மேம்பட்டுள்ளது. 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, சட்டம் வரும்வரை அதுவே சட்டமாக நடைமுறையில் இருக்கும் என்றது. 2023-ன் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398-வது பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இதற்கென ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. ஆனால் அப்பிரிவு நிதிக்கோ, சாட்சியின் அடையாளத்தை மறைக்கும் முறைக்கோ குறைந்தபட்சத் தரம் எதையும் வகுக்கவில்லை.

2023-ன் குற்றவியல் சட்டங்களும் குழுவின் எச்சரிக்கையும்

பழைய தண்டனை, நடைமுறை, சாட்சியச் சட்டங்களுக்கு மாற்றான மூன்று குற்றவியல் மசோதாக்களும் 2023 ஆகஸ்டில் அறிமுகமாகி, உள்துறைக் குழுவின் அறிக்கை நவம்பரில் வந்து, திருத்திய வடிவில் டிசம்பரில் மீண்டும் அறிமுகமாகி, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பெருமளவில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த கூட்டத்தொடரில் சில நாட்களுக்குள் நிறைவேறி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தேடுதல் பணியை ஒலி, ஒளிப்பதிவு செய்தல், விசாரணைக் கைதிகளுள் முதன்முறைக் குற்றஞ்சாட்டப்பட்டோர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைக் கழித்ததும் விடுவித்தல் போன்ற நற்கூறுகள் இச்சட்டங்களில் உண்டு. அலுவலர்மீது வழக்குத் தொடர்வதற்கான அனுமதி 120 நாட்களுக்குள் முடிவாகாவிட்டால் அளிக்கப்பட்டதாகக் கொள்ளும் விதியும் இப்போது நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. 2010-ன் தெரிவுக் குழு எழுதிய கருத்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வேறொரு சட்டத்தில் இடம்பெற்றிருப்பது, குழுவின் உழைப்பு முற்றிலும் வீண்போகவில்லை என்பதைக் காட்டுகிறது.

ஆனால் இரு குறைகள் உடனடிக் கவனத்துக்குரியவை. பழைய சட்டத்தில் கைதுக்குப் பிந்தைய முதல் 15 நாட்களுக்குள் மட்டுமே ஒருவரைக் காவல்துறையின் பொறுப்பில் வைக்க முடியும் என்று நீதிமன்றங்கள் பொருள்கொண்டிருந்தன. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-வது பிரிவு அந்த 15 நாட்களைக் குற்றத்தின் தன்மைக்கேற்ப 40 அல்லது 60 நாட்களுக்குள் பிரித்துப் பிரித்து எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. இது தவறாகப் பயன்படக்கூடும் என்ற ஐயத்தைக் குறிப்பிட்டு, பிரிவைத் தெளிவுபடுத்துமாறு குழு கேட்டிருந்தும் மாற்றம் வரவில்லை. சித்திரவதைத் தடைச் சட்டம் இல்லாத நாட்டில் காவல் நாட்களின் எல்லை விரிவது இரட்டை ஆபத்து. இரண்டாவதாக, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு முற்றிலும் நீங்கியதால், ஆண்கள்மீதும் திருநர்மீதும் அவர்தம் இசைவின்றி நிகழ்த்தப்படும் பாலியல் வன்முறைக்கு நேரடிப் பிரிவு இல்லாமற்போயிற்று. இசைவற்ற செயலைக் குற்றமாகவே வைத்திருக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தும் அரசு அதை ஏற்கவில்லை.

சாதியும் மணத்தேர்வும்

இந்தியச் சூழலில் குடியியல் உரிமை மீறல் அரசிடமிருந்து மட்டுமன்று, சமூகத்திடமிருந்தும் வருகிறது. தீண்டாமையை ஒழித்த 17-வது உறுப்பைச் செயல்படுத்த 1955-ல் பிறந்த சட்டம் 1976-ல் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாகப் பெயர் மாறியது. அதன் போதாமையை ஈடுசெய்ய 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆயினும் சாதி மறுத்து மணந்தோர் கொல்லப்படும்போது, கொலை செய்தோரும் கொலையுண்டோரும் பட்டியலினத்தவர் அல்லாத இரு சாதியினராக இருந்தால் அச்சட்டமும் பொருந்தாது. மணத்தேர்வில் தலையிடுவதைத் தடுக்கும் வரைவு மசோதாவைச் சட்ட ஆணையம் 2012-ன் 242-வது அறிக்கையில் அளித்தது. தடுப்பு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் வகுத்தது. நாடாளுமன்றம் இன்னும் சட்டம் இயற்றவில்லை. இதற்கெனத் தனிச் சட்டம் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது, மத்தியில் ஏற்பட்ட வெற்றிடத்தை மாநிலம் நிரப்ப முனைவதன் அடையாளம்.

முன்னுரிமை வரிசை

இவை யாவும் முக்கியமானவை என்றாலும், குழுக்களின் நேரம் வரையறைக்குட்பட்டது என்பதால் வரிசை வேண்டும். முதலாவதாக, சித்திரவதைத் தடுப்பு மசோதா. ஏனெனில் பிற உரிமைகள் அனைத்தையும் கேட்டுப்பெற ஒருவர் காவல் நிலையத்திலிருந்து உயிரோடும் உடல்நலத்தோடும் திரும்பியாக வேண்டும். 2010-ன் தெரிவுக் குழு அறிக்கையும் 2017-ன் சட்ட ஆணைய வரைவும் ஆயத்தமாக இருப்பதால், புதிதாகத் தொடங்க வேண்டிய வேலையும் அதிகமில்லை. இரண்டாவதாக, நிறைவேறியும் உறங்கும் ஊழல் வெளிப்படுத்துவோர் சட்டத்தை நடைமுறைப்படுத்துதல். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், அறிவிக்கையும் விதிகளும் போதும். மூன்றாவதாக, 2023-ன் சட்டங்களில் காவல் நாட்கள், பாலியல் வன்முறை ஆகிய இரு திருத்தங்கள். நான்காவதாக, மனித உரிமை ஆணையங்களையும் காவல் புகார் ஆணையங்களையும் வலுப்படுத்துவதும் மணத்தேர்வுக்குக் காப்பளிப்பதும். மாநிலங்களின் ஒத்துழைப்பும் கூடுதல் கலந்தாய்வும் தேவைப்படுவதால் இவை சற்றுக் காலம் கோருபவை.

இந்த வரிசைக்கு அடிப்படையாக நடைமுறை விதியிலும் ஒரு மாற்றம் வேண்டும். பிரிட்டனில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கைக்கு இரண்டு மாதங்களுக்குள் அரசு பதில் தருவது மரபாக இருப்பதைப்போல, மசோதா மீதான ஒவ்வொரு பரிந்துரையையும் ஏற்றதற்கோ மறுத்ததற்கோ காரணத்தை அவையில் எழுத்தில் வைக்கும் கடமையை இந்திய அரசும் ஏற்க வேண்டும். அவ்விதி முன்பே இருந்திருந்தால், தெரிவுக் குழு திருத்தித் தந்த மசோதாவைக் காரணம் கூறாமல் மூன்றரை ஆண்டுகள் நிறுத்திவைப்பது அவ்வளவு எளிதாக இருந்திராது. அலுவலரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் சட்டம் பொதுமக்களுக்கே பாதுகாப்பு என்பதை 1855-ன் சென்னை ஆணையமும் 2010-ன் தெரிவுக் குழுவும் தத்தம் காலத்தில் உணர்ந்தே எழுதின. அவ்வுணர்வைச் சட்டமாக்குவது நாடாளுமன்றம் மேலும் தள்ளிப்போடக் கூடாத கடமை.